6 வருஷமா வீட்ல தோட்டா ரீலோட் பண்றேன், என் அனுபவம்

வீட்லயே ரீலோடிங், அதாவது சுட்ட பித்தளைய மறுபடி தோட்டாவாக்கற வேலை, ஆரம்பிச்சு இதோட 6 வருஷம் ஆகுது. 9 எம்எம் பிஸ்டலுக்கும் 308 வின்செஸ்டர் ரைஃபிளுக்கும்தான் பண்றேன், ரெண்டுமே ரேஞ்ச்ல டார்கெட் சுடறதுக்கு. புதுசா ஆரம்பிக்கறவங்க எல்லாரும் என்கிட்ட முதல்ல கேக்கறது எந்த பிரஸ் (தோட்டா அழுத்தற லீவர் மெஷின்) வாங்கலாம்னுதான், நானும் அப்போ மூணு மாசம் பிரஸ் பத்தி மட்டுமே படிச்சிட்டு இருந்தேன். இப்போ கேட்டா பிரஸ்ஸ அப்புறம் பாத்துக்கலாம், முதல்ல தராசையும் மேசைக்கு மேல மாட்டற லைட்டையும் யோசிங்கன்னு சொல்வேன். ஏன்னு போகப் போக புரியும்.

அதுக்கும் முன்னாடி சட்டம். துப்பாக்கி லைசென்ஸ் இருக்கறதால மட்டும் ரீலோடிங் பண்ணலாம்னு அர்த்தம் இல்ல. சில நாடுகள்ல பவுடர் (வெடிமருந்து), பிரைமர் (அத பத்த வைக்கற சின்ன மூடி) வைக்கவே தனி அனுமதி வேணும், எவ்ளோ வரைக்கும் வைக்கலாம்னும் கணக்கு இருக்கும், சில இடத்துல வீட்ல பண்ணவே விடமாட்டாங்க. இத எழுத்துல உறுதி பண்ணாம ஒரு சாமான் கூட வாங்காதீங்க.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா. ஒரு தோட்டால நாலு பாகம், பித்தளை கேஸ், அதோட அடில பிரைமர், உள்ள பவுடர், மேல புல்லட். சுட்டதும் மத்த மூணும் போயிடும், பித்தளை மட்டும் கைல நிக்கும். அத சுத்தம் பண்ணி, டைங்கற எஃகு அச்சுக்குள்ள விட்டு பழைய அளவுக்கு கொண்டு வந்து, பழைய பிரைமர தள்ளிட்டு புதுசு அழுத்தி, பவுடர் அளந்து போட்டு புல்லட்ட உக்கார வைக்கறதுதான் மொத்த வேலையும். பொறுக்கி எடுக்கற பித்தளைல பெர்டன் பிரைமர் கேஸ் கலந்துடும், கவனிங்க. பாக்ஸர் வகைல நடுவுல ஒரே ஓட்டை, டைல இருக்கற பின் நேரா போய் பழைய பிரைமர தள்ளிடும். பெர்டன்ல ஓரமா ரெண்டு சின்ன ஓட்டை, பின் போய் நடுவுல முட்டி உடையும். எனக்கு முதல் வாரத்துலயே ஒண்ணு உடைஞ்சுது, இப்போ ஒவ்வொரு கேஸுக்குள்ளயும் டார்ச் அடிச்சு பாத்துட்டுதான் டைக்கு விடறேன்.

பிரஸ் விஷயத்த சீக்கிரம் முடிச்சிடறேன். நான் வாங்கினது சிங்கிள் ஸ்டேஜ், ஓ வடிவ வார்ப்பிரும்பு பிரஸ், லீவர ஒரு தடவ இழுத்தா ஒரே ஒரு வேலை நடக்கும். எல்லா வேலையும் சேத்து மணிக்கு 50 தோட்டா முடிஞ்சா பெரிய விஷயம், ப்ரோக்ரசிவ் பிரஸ்ல அதே நேரத்துல பல நூறு வந்துடும். ஆனா ப்ரோக்ரசிவ்ல ஒரே இழுப்புல நாலஞ்சு வேலை ஒண்ணா நடக்குது, புதுசா கத்துக்கறவங்க கண்ணு அத்தன இடத்துல ஒரே நேரத்துல இருக்க முடியாது. டை மரை 7/8 இஞ்ச், இஞ்சுக்கு 14 மரைன்னு கிட்டத்தட்ட எல்லா கம்பெனிலயும் ஒண்ணுதான், அதனால டை எதுல வாங்கினாலும் பொருந்தும், அந்தக் கவலை வேண்டாம். 6 வருஷத்துல நான் பிரஸ்ஸுக்கு செஞ்ச பராமரிப்பு ராம்ல (மேல கீழ போற தண்டு) ரெண்டு சொட்டு எண்ணெய், அவ்ளோதான்.

இப்போ பித்தளைக்கு வர்றேன், நான் அதிகமா கத்துக்கிட்டது இங்கதான். 9 எம்எம் மாதிரி கிட்டத்தட்ட நேரான கேஸுக்கு கார்பைடு டை இருந்தா லூப், அதாவது வழுக்கறதுக்கு பூசற மசகு, தேவையில்ல. ரைஃபிள் கேஸ் தோள் வச்சு கழுத்து குறுகினது, லூப் இல்லாம உள்ள விட்டா டைல இறுகிடும். முதல் மாசமே அவசரத்துல லூப் பத்தாம ஒண்ண விட்டு இறுக்கிட்டேன், லீவர திரும்ப மேல தூக்கினதும் ரிம் (கேஸோட அடி விளிம்பு) பிச்சுக்கிட்டு கேஸ் உள்ளயே நின்னுடுச்சு, அப்புறம் அடிய துளை போட்டு மரை வெட்டி போல்ட் மாட்டி இழுத்து எடுத்தேன், ஒரு ஞாயித்துக்கிழமை முழுசும் போச்சு. அந்த பயத்துல அடுத்த தடவ லூப்ப அள்ளி பூசினேன், இப்போ தோள்ல பள்ளம் பள்ளமா விழுந்துது, மாட்டிக்கிட்ட லூப்புக்கு போக வழியில்லாம பித்தளைய உள்ள அமுக்கிடுது. இப்போ லனோலின் ஸ்ப்ரே அடிச்சு சில நிமிஷம் காய விட்டுட்டு செய்யறேன், இதுவரைக்கும் ஒண்ணு கூட இறுகல.

இத விட பெரிய தப்பு ஒண்ணு சத்தமே இல்லாம ஒரு வருஷம் நடந்துட்டு இருந்துச்சு. டைய ஷெல் ஹோல்டர (கேஸ் அடிய பிடிக்கற துண்டு) தொடற வரைக்கும் இறக்கி அதுக்கு மேல கால் சுத்து திருப்பணும்னு டையோட வந்த காகிதத்துல போட்டிருந்துது, நானும் அப்டியே செஞ்சேன். அது எந்த ரைஃபிளுக்கும் பொருந்தணும்னு சொல்ற பொது அளவு. என் ரைஃபிள் சேம்பருக்கு (தோட்டா உக்கார்ற அறை) அது ரொம்ப அதிகம், ஒவ்வொரு தடவையும் தோள் தேவைக்கு மேல பின்னாடி போகுது, சுடும்போது பித்தளை முன்னாடி நீளுது, மறுபடி டைல பின்னாடி போகுது, இப்டியே அடிப்பக்க சுவர் மெலிஞ்சுக்கிட்டே வரும். அஞ்சாவது தடவ சுட்ட பிறகு அடிக்கு கொஞ்சம் மேல பளபளன்னு ஒரு வளையம் தெரிஞ்சுது. பேப்பர் கிளிப்ப நிமித்தி முனைய வளைச்சு உள்ள விட்டு இழுத்து பாத்தேன், அந்த இடத்துல கொக்கி மாதிரி தட்டுது. ஒரு கேஸ நீளவாக்குல அறுத்து பாத்தா சுவர்ல பள்ளம் நல்லா தெரியுது, இன்னும் ஒரு தடவையோ ரெண்டு தடவையோ சுட்டிருந்தா சேம்பருக்குள்ளயே ரெண்டா பிரிஞ்சிருக்கும். அந்த 40 கேஸையும் நசுக்கி போட்டுட்டு தோள் அளக்கற கேஜ் ஒண்ணு வாங்கினேன். இப்போ சுட்ட கேஸ அளந்து அதுலேர்ந்து 0.002 இஞ்ச் மட்டும் தோள் பின்னாடி போற மாதிரி டைய வச்சிருக்கேன். பித்தளை ஆயுசு ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. நீளத்தையும் விடாதீங்க, 308க்கு அதிகபட்சம் 2.015 இஞ்ச், நான் 2.005க்கு வெட்டிடறேன், நீளம் கூடினா கேஸ் வாய் சேம்பர்ல முட்டி புல்லட்ட கவ்விடும், பிரஷர் ஏறிடும்.

தராசு. ஆரம்பத்துல ஒரு சின்ன டிஜிட்டல் வாங்கினேன், பேர் வேண்டாம். ஆன் பண்ணதும் சரியா காட்டும், அரை மணி நேரத்துல 0.3 கிரெய்ன் நகர்ந்திருக்கும், ஃபேன் காத்து பட்டா குதிக்கும், பக்கத்துல போன் இருந்தாலும் எண் ஆடும். ஒரு கிரெய்ன்னா கிராம்ல 0.065 கிட்டத்தட்ட, நமக்கு அதுல பத்துல ஒரு பங்கு துல்லியம் வேணும், இந்த வேலைக்கு ஆடற தராச வச்சுக்கவே கூடாது. பழைய முறை பீம் தராசுக்கு மாறினேன், கூடவே செக் வெயிட் (எடை துல்லியமா தெரிஞ்ச கல்லு) ஒரு செட். ஃபேன ஆஃப் பண்ணிட்டு, ஆரம்பிக்கும்போது ஒரு தடவ நடுவுல ஒரு தடவ சரிபாப்பேன். குச்சி குச்சியா இருக்கற ரைஃபிள் பவுடர், மெஷர்ங்கற அளந்து கொட்டற கருவில வெட்டுப்பட்டு அளவு ஏறி இறங்கும், அதனால கொஞ்சம் கம்மியா போட்டு மிச்சத்த ட்ரிக்லர்ல சொட்டு சொட்டா சேக்கறேன்.

பவுடர் எவ்ளோ போடணும்னு இங்க சொல்ல மாட்டேன், யார் வாய்ல கேட்டும் போடாதீங்க. பவுடர் கம்பெனியோ புல்லட் கம்பெனியோ வெளியிட்ட இப்போதைய மேனுவல பாத்து, அதுல இருக்கற ஆரம்ப அளவுலேர்ந்து மட்டும் ஏறுங்க. ஆரம்ப அளவு போடாம அதிகபட்சம் மட்டும் குடுத்திருந்தா பொதுவா அதுல 10 சதவீதம் குறைச்சு தொடங்குவாங்க. ரைஃபிள் போல்ட் கைப்பிடிய தூக்க கஷ்டமா இருக்கு, கேஸ் அடில எஜக்டர் (கேஸ வெளிய தள்ளற பின்) தடம் விழுது, பிரைமர் தட்டையா பரவுதுன்னா அங்கயே நிறுத்துங்க. மேசைல ஒரு நேரத்துக்கு ஒரே ஒரு பவுடர் டப்பாதான், வேலை முடிஞ்சதும் மெஷர்ல மிஞ்சினத அதே டப்பாக்குள்ள கொட்டி மூடிடணும், அடையாளம் தெரியாத பவுடர யோசிக்காம தூக்கி போட்டுடணும்.

லைட் கதைக்கு வர்றேன். ரெண்டாவது வருஷம், 9 எம்எம் 200 தோட்டா பண்ணிட்டு இருந்தேன், ராத்திரி, அறைல ஒரே ட்யூப்லைட், அதுவும் என் முதுகுக்கு பின்னாடி. பவுடர் போட்டுட்டு இருக்கும்போது போன் வந்துச்சு, பேசிட்டு வந்து விட்ட இடத்துலேர்ந்துதான் தொடர்றேன்னு நினைச்சு தொடர்ந்தேன். அந்த வாரம் ரேஞ்ச்ல ஒரு ஷாட் வழக்கமான சத்தம் இல்லாம டப்னு மட்டும் கேட்டுச்சு, பிஸ்டலோட மேல் பாகம், ஸ்லைடு, அசையல. கை தன்னால ஸ்லைட இழுத்து அடுத்தத சுட போகுது, பக்கத்து லேன்ல நின்ன அண்ணன் நிறுத்து நிறுத்துன்னு கத்தினாரு. மேகசின கழட்டி, சேம்பர காலி பண்ணி, பேரல வெளிய எடுத்து வெளிச்சத்துக்கு நேரா பிடிச்சா மறுபக்கம் தெரியல. பவுடரே இல்லாத தோட்டா அது, பிரைமர் மட்டும் வெடிச்சு புல்லட்ட பேரலுக்குள்ள பாதில கொண்டு போய் நிறுத்தியிருக்கு, அது மேல அடுத்தத சுட்டிருந்தா பேரல் என் கைலயே வெடிச்சிருக்கும். பித்தளை கம்பி விட்டு தட்டி வெளிய எடுத்தோம். அந்த அண்ணனுக்கு நான் இன்னும் கடமைப்பட்டிருக்கேன்.

அன்னைக்கு வீட்டுக்கு வந்து மிச்சம் இருந்த 170 சொச்சம் தோட்டாவையும் சுத்தியல் மாதிரி இருக்கற புல்லர்ல ஒவ்வொண்ணா தட்டி பிரிச்சேன். அடுத்த நாளே மேசைக்கு நேர் மேல லைட். இப்போ 50 கேஸ் லோடிங் பிளாக்ல (குழி வச்ச கட்டை) நிக்கும், எல்லாத்துக்கும் பவுடர் போட்டதும் ஒவ்வொரு வாய்க்குள்ளயும் பாத்து எல்லாம் ஒரே மட்டம்னு தெரிஞ்ச பிறகுதான் முதல் புல்லட்ட கைல எடுப்பேன், போன் அந்த அறைக்குள்ளயே வராது. பவுடரும் மாத்திட்டேன், இடம் அடைக்கற வகை, தவறி ரெண்டு தடவ போட்டா கேஸ் வழிஞ்சு வெளிய கொட்டும். வேகமா எரியற அடர்த்தியான பவுடர்னா ரெண்டு மடங்கும் கேஸுக்குள்ளயே அடங்கிடும், வெளிய ஒண்ணும் தெரியாது.

ஈயத்த பத்தி யாரும் ஆரம்பத்துல சொல்றதில்ல. பிரைமர் எரிஞ்ச கரில ஈயம் இருக்கு, கேஸ சுத்தம் பண்ற உலர் டம்ளர் மெஷின்ல போட்டு சுத்தினா அந்த தூசி அறை முழுக்க பறக்கும். நான் ஸ்டீல் பின், தண்ணி, சிட்ரிக் ஆசிட், பாத்திரம் தேய்க்கற சோப்புன்னு ஈர முறைக்கு மாறிட்டேன், கேஸுங்க புதுசு மாதிரி வருது, தூசியும் இல்ல. மேசைல சாப்பிடறது, குடிக்கறது கிடையாது, குழந்தைங்க அந்த அறைக்குள்ள வரக்கூடாது, வருஷத்துக்கு ஒரு தடவ ரத்தத்துல ஈயம் பாத்துக்கறேன். பிரைமர் எப்பவும் வந்த பெட்டிலயே இருக்கும், கண்ணாடி பாட்டில்ல மொத்தமா கொட்டி வைக்கறவங்கள பாத்திருக்கேன், தயவு செஞ்சு வேண்டாம், ஒண்ணு வெடிச்சா எல்லாம் சேந்து வெடிக்கும்.

காசு மிச்சமான்னு கேப்பீங்க. ஒரு தோட்டாவுக்குன்னு கணக்கு பாத்தா ரைஃபிள்ல நல்லாவே மிச்சம், 9 எம்எம்ல ரொம்ப கொஞ்சம். ஆனா மிச்சமானத நான் அதிகமா சுட்டுத்தான் தீத்தேன், மொத்த செலவு குறையவே இல்ல. கிடைச்சது துல்லியம்தான். 100 மீட்டர்ல அஞ்சு ஷாட் குரூப் (ஓட்டைங்க பரவற அகலம்) கடை தோட்டால 45 மில்லிமீட்டர் கிட்ட வரும், இப்போ அதே ரைஃபிள்ல 25க்குள்ள நிக்குது, அதுக்கு என்ன பவுடர், எந்த நீளம், எத்தனாவது தடவ சுட்ட பித்தளைன்னு எல்லாம் நோட்டுல இருக்கு.

கேஜ் வாங்கின பிறகு ஆரம்பிச்ச முதல் 50 கேஸ் தனி டப்பால வச்சிருக்கேன். போன வாரம் பத்தாவது தடவ சுட்டு வந்தது, நாலுல கழுத்து விரிசல் விட்டிருந்துது, இதுக்கு முன்னாடி மூணு போயிருந்துது. மிச்சம் 43ல பேப்பர் கிளிப் விட்டு பாத்தேன், எதுலயும் தட்டல. கழுத்த அனீல் பண்ணி (சூடாக்கி இளக்கி) பதினோராவது தடவைக்கு ரெடி பண்ணிட்டு இருக்கேன்.