புது டயர் என்று 2018-ஆம் வருடச் சரக்கை மாட்டி அனுப்பிவிட்டார்கள்: காரைக்குடிப் பக்கம் டயர் மாற்றுகிறவர்கள் கவனத்துக்கு

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் காருக்கோ பைக்குக்கோ டயர் மாற்றப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள். சென்னையிலோ கோயம்புத்தூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, ஊரில் வயதான அப்பா அம்மாவைக் காரோடு விட்டிருப்பவர்கள் கட்டாயம் படியுங்கள். கடைப் பெயரை எழுதப்போவதில்லை, புகார் இன்னும் முடியவில்லை. நடந்த விதம் தெரிந்தால் எந்தக் கடையில் நடந்தாலும் பிடித்துவிடலாம்.

எங்கள் பெரியப்பா கானாடுகாத்தானில் இருக்கிறார். எழுபது தாண்டியும் கோயில், பேங்க், கல்யாண வீடு என்று அவரே டிசையர் காரை ஓட்டிக்கொண்டு போய்விட்டு வருவார். 2024 மே மாதம் நான்கு டயரையும் ஒன்றாக மாற்றினார். அலைன்மென்ட், பேலன்சிங் எல்லாம் சேர்த்து 22,000 ரூபாய். "ஜிஎஸ்டி பில் போட்டா இன்னும் கூடும் ஐயா, நமக்குள்ள என்ன" என்று சொல்லி, ஒரு துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதி முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். எம்ஆர்பி என்பதே வரியும் சேர்ந்த விலை. பில் கேட்டதற்காக அதற்கு மேல் ஒரு ரூபாய்கூட ஏறக் கூடாது. ஆனால் இவ்வளவு மரியாதையாக ஒருவர் பேசும்போது அந்த வயதில் யார் வாதாடுவார்கள்?

ஒரு வருடம் கழித்து, மகளை அழைத்துவரத் திருச்சி ஏர்போர்ட்டுக்குப் போகும்போது, திருமயம் தாண்டி இடது பின் டயர் வெடித்தது. பெரியப்பா எப்போதும் அறுபதுக்கு மேல் போகமாட்டார், பின்னால் லாரியும் வரவில்லை, அதனால் வண்டியை ஓரம் கட்டிவிட்டார். நான் போய் ஸ்டெப்னியை மாட்டிக்கொண்டு, புதுக்கோட்டையில் ஒரு பஞ்சர் கடையில் வெடித்த டயரைக் காட்டினேன்.

"இது எத்தனை வருஷ டயர்ண்ணே?" என்று கேட்டார் அந்தக் கடைக்காரர். போன வருடம் மாற்றியது என்றேன். அவர் ஒன்றும் பேசாமல் டயரை உள்பக்கமாகப் புரட்டி, ஓரத்தில் இருந்த மண்ணைக் கட்டைவிரலால் தேய்த்துத் துடைத்தார். நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு எண்கள்: 1418. 2018-ஆம் வருடத்தின் 14-ஆவது வாரம், அதாவது ஏப்ரல் முதல் வாரம் செய்த டயர். பெரியப்பா காசு கொடுக்கும்போதே அதற்கு ஆறு வயது முடிந்திருந்தது. வண்டியை ஜாக்கி போட்டுத் தூக்கி மற்ற மூன்றையும் பார்த்தோம். எல்லாமே 2018.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது. இந்தத் தேதி எண் பல டயர்களில் ஒரு பக்கம்தான் இருக்கும். அந்தப் பக்கத்தை உள்ளே வைத்து மாட்டிவிட்டால், வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் வண்டியில் நான்கு டயரிலும் எண் உள்பக்கம்தான் இருந்தது. ஒன்றிரண்டு அப்படி அமைந்தால் தற்செயல் என்று விட்டுவிடலாம். நான்குமே அப்படி என்றால் அது வேண்டுமென்றே செய்தது என்றுதான் நான் சொல்வேன்.

பட்டன் (ரோட்டில் படும் ரப்பர் மேடுகள்) தேயவில்லை, டயர் பளபளவென்று இருக்கிறது, புது டயரில் நீட்டிக்கொண்டிருக்கும் ரப்பர் முடிகூட உதிரவில்லை, அப்புறம் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. விற்காமல் கிடக்கும் டயரில் அந்த முடி எத்தனை வருடமானாலும் அப்படியே இருக்கும். பளபளப்பு பாலிஷ் போட்டதால் வருவது. ரப்பர் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வெயிலிலும் காற்றிலும் இறுகும். வெடிப்பு வராமல் காக்க அதில் ஒரு மெழுகு கலந்திருப்பார்கள். டயர் உருண்டு நசுங்கி விரியும்போதுதான் அது மேலே கசிந்து வரும். சும்மா கிடக்கும் டயரில் அந்த வேலையும் நடப்பதில்லை. இருட்டான குளிர்ந்த கிடங்கில் வைத்திருந்தால் ஓரளவு தாங்கும். நம் ஊர்ச் சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் அடுக்கிவைத்தால் என்ன ஆகும்? பட்டன் எவ்வளவு இருந்தாலும் 6 வருடத்தில் மாற்றிவிடச் சொல்லும் கார் கம்பெனிகள் உண்டு.

நம் பக்கம் இதை இன்னொரு விதத்திலும் பார்க்க வேண்டும். பூட்டிய பெரிய வீடுகளில் வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் வெளியே எடுக்கும் கார்கள் நிறைய நிற்கின்றன. 15,000 கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது, டயர் புதுசு மாதிரி இருக்கிறது என்று நம்பி அப்படியே ராமேஸ்வரம் கிளம்பாதீர்கள். பக்கவாட்டை விரலால் அழுத்திப் பாருங்கள், பட்டன் இடுக்கில் மயிரிழை வெடிப்புகள் தெரியும். ஸ்டெப்னியையும் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் எல்லாவற்றையும்விடப் பழசாக இருக்கும்.

கடையில் போய்க் கேட்டபோது, "நிழல்ல இருந்த சரக்குண்ணே, ஒன்னும் ஆகாது. நீங்க காத்து சரியா வச்சிருக்க மாட்டீங்க" என்றார்கள். காற்றழுத்தம் குறைந்தாலும் டயர் சூடேறி வெடிக்கும், அது உண்மைதான். அதற்காக ஆறு வருடச் சரக்கைப் புது விலைக்கு விற்றது சரியாகிவிடாது.

பைக், ஸ்கூட்டர் வைத்திருப்பவர்களுக்கு ஒரு விஷயம். என் தம்பி மனைவியின் ஸ்கூட்டரில் கருவேல முள் ஏறிக் காற்று இறங்கிவிட்டது. புதுவயல் ரோட்டில் ஒரு பஞ்சர் கடையில், சக்கரத்தைக் கழற்றிக் கடைக்குப் பின்னால் கொண்டுபோய், "அஞ்சு எடத்துல ஓட்டை இருக்கு அக்கா" என்று திரும்பி வந்திருக்கிறார்கள். ஓட்டைக்கு 100 ரூபாய். முள் ஒன்று, மீதி நான்கு கடை ஊசி போட்டது. ட்யூப்லெஸ் டயருக்குச் சக்கரத்தைக் கழற்ற வேண்டிய அவசியமே பெரும்பாலும் இல்லை. வண்டியிலேயே காற்றடித்து, உங்கள் கண் முன்னால் சோப்புத் தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். குமிழி வரும் இடம் மட்டும்தான் ஓட்டை. ஊசியைக் கையில் எடுக்கும் முன்பே எத்தனை இடம் என்று எண்ணிவிடுங்கள். பக்கவாட்டில் கிழிந்திருந்தால் ஒட்டவே கூடாது. ட்யூப்லெஸ் டயருக்குள் ட்யூப் போட்டுத் தருகிறேன் என்றாலும் வேண்டாம் என்று சொல்லுங்கள், அது சூடேறும், குத்தினால் ஒரே நொடியில் காற்று போய்விடும்.

புது டயர் வாங்கும்போது, ரிம்மில் ஏற்றுவதற்கு முன்னால் அந்த நான்கு எண்ணைப் பார்த்து போட்டோ எடுங்கள். ஐஎஸ்ஐ முத்திரை இருக்கிறதா என்றும் பாருங்கள், அது கட்டாயம். டிரைவர் கதவோரம் ஒட்டியிருக்கும் சீட்டில் உள்ள அளவையே கேளுங்கள். பில்லில் டயரின் சீரியல் எண்ணையும் எழுதி வாங்குங்கள், வாரண்டி கேட்கப் போனால் இரண்டும் வேண்டும். 2025 செப்டம்பர் 22-இலிருந்து டயருக்கு ஜிஎஸ்டி 28 சதவீதத்திலிருந்து 18 ஆகக் குறைந்திருக்கிறது. பழைய விலையே சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

எங்கள் விஷயத்தில், 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்த பிறகு கடைக்காரர் இரண்டு டயருக்கான பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். மீதிக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுக்கிறோம். வாங்கிய பொருளின் தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் அங்கே கட்டணம் கிடையாது, 2 வருடத்துக்குள் கொடுக்க வேண்டும். பில் இல்லாவிட்டாலும் பெரியப்பா ஜிபேயில் பணம் அனுப்பிய பதிவும் அந்த முத்திரைச் சீட்டும் இருக்கின்றன. இதே மாதிரி மாட்டிக்கொண்டவர்கள் பழைய டயரைக் கடையிலேயே விட்டுவிட்டு வராதீர்கள், எண் தெரியும்படி வீட்டில் எடுத்து வையுங்கள்.