நெல் தரிசு உளுந்துக்கு எதைத் தெளிக்கலாம்: டிஏபி கரைசலா, பயறு ஒண்டரா?

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி நெல் அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னாடி, நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தூவிவிடுகிறோம். இதைத்தான் நெல் தரிசு உளுந்து என்கிறோம். உழவு கிடையாது, அடியுரம் போட வழியும் கிடையாது. மண்ணில் மிச்சமிருக்கும் ஈரமும் பனியும்தான் அதற்குத் தண்ணீர். அதனால் இந்தப் பயிருக்கு நாம் நேராக ஊட்டம் கொடுக்க இலைவழித் தெளிப்பு ஒன்றுதான் வாய்ப்பு. அதை விட்டுவிட்டு அப்புறம் பூ கொட்டுகிறது, காய் பிடிக்கவில்லை என்று வருத்தப்பட்டுப் பயனில்லை.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் இதற்கு இரண்டு வழி சொல்கிறது. பழையது 2 சதவீத டிஏபி (டை அம்மோனியம் பாஸ்பேட் உரம்) கரைசல். ஏக்கருக்கு 4 கிலோ. முதல் நாள் ராத்திரியே பிளாஸ்டிக் வாளியில் ஊறவைத்து, காலையில் கலக்காமல் மேலே தெளிந்த நீரை மட்டும் வேட்டித் துணியில் வடிகட்டி, மொத்தம் 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒரு தடவை, 15 நாள் கழித்து இன்னொரு தடவை தெளிக்க வேண்டும். அடியில் தங்கும் சகதியைச் சேர்த்து ஊற்றினால் தெளிப்பானின் முனை அடைத்துக்கொண்டு பாதி வயலில் வேலை நின்றுபோகும். செலவு குறைவு, எந்த உரக்கடையிலும் கிடைக்கும். ஆனால் கிடைப்பது தழைச்சத்தும் (நைட்ரஜன்) மணிச்சத்தும் (பாஸ்பரஸ்) மட்டும்தான், ஆள் கூலியும் இரண்டு முறை.

பயறு ஒண்டர் கோவையில் பல்கலைக்கழகத்தின் பயிர் வினையியல் துறை உருவாக்கியது. சத்துகளோடு வளர்ச்சி ஊக்கியும் கலந்திருக்கும். ஏக்கருக்கு 2 கிலோ, 200 லிட்டர் தண்ணீரில், அதாவது 10 லிட்டர் டேங்குக்கு 100 கிராம், பூ நிறைந்திருக்கும் நேரத்தில் ஒரே தடவை. ஊறவைக்கிற வேலை இல்லை. பூ உதிர்வது குறையும், வறட்சியைக் கொஞ்சம் தாங்கும், விளைச்சல் 20 சதவீதம் வரை கூடும் என்று பல்கலைக்கழகம் சொல்கிறது. அந்த 'வரை' என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள், எல்லா வயலிலும் அப்படியே வந்துவிடாது. இதில் பெரிய குறை, தேவைப்படும் நேரத்தில் பக்கத்துக் கடையில் கிடைக்காது என்பதுதான். வேளாண் அறிவியல் நிலையத்தில் முன்கூட்டியே கேட்டு வாங்கி வைக்க வேண்டும்.

என்னைக் கேட்டால், நெல் தரிசுக்கு பயறு ஒண்டர்தான். மாசி வெயிலில் ஈரம் காய்ந்துகொண்டே போகும்போது, இரண்டாவது டிஏபி தெளிப்புக்கு ஆள் கிடைப்பதற்குள் பூ பாதி உதிர்ந்துவிடுகிறது. வீட்டு ஆட்களே தெளிக்கிறவர்கள், இறவையில், அதாவது தண்ணீர் பாய்ச்சி உளுந்து போடுகிறவர்கள் டிஏபியிலேயே தாராளமாக இருக்கலாம்.

ஆனால் இலை மஞ்சளாகத் தெரிந்ததும் சத்துக் குறைவு என்று நினைத்து இவற்றில் எதையாவது அடிப்பது வீண். திட்டுத் திட்டாக வருவது மஞ்சள் தேமல், வெள்ளை ஈ பரப்பும் நச்சுயிரி நோய். அதற்குத் தீர்வு ரகத் தேர்வில் இருக்கிறது. புதுக்கோட்டை வம்பனில் உள்ள பல்கலைக்கழகத்தின் பயறு ஆராய்ச்சி மையம் வம்பன் 8 மாதிரி தேமலைத் தாங்கும் ரகங்களைக் கொடுத்திருக்கிறது. அதேபோல வேரில் முடிச்சு கட்டி, காற்றிலுள்ள தழைச்சத்தை உளுந்தே பிடித்துக்கொள்ள ரைசோபியம் என்ற நுண்ணுயிர் துணை செய்கிறது. அதை ஆறிய அரிசிக் கஞ்சியில் கலந்து விதையில் தடவி, நிழலில் உலர்த்தி விதைத்துவிட்டு, அதன் பிறகு எதைத் தெளிக்கலாம் என்று யோசியுங்கள்.