பிள்ளையோடு ஜெர்மனியா, ஆச்சியிடம் விட்டுவிட்டு இங்கிலாந்தா?

தனியாளாகப் பிள்ளை வளர்க்கிற ஒருவர் வெளிநாட்டில் முதுநிலை படிக்க நினைத்தால், 'எந்த நாடு சிறந்தது' என்று சொல்லும் பட்டியல்களில் பாதி அவருக்கு உதவாது. அவை கணவன் மனைவியாகப் போகிறவர்களை மனதில் வைத்து எழுதப்பட்டவை. ஒருவர் படிப்பார், இன்னொருவர் டிபெண்டன்ட் விசாவில் போய் வேலை பார்ப்பார், பிள்ளையை மாறி மாறிப் பார்த்துக்கொள்வார்கள். நம் கணக்கில் அந்த இன்னொருவர் கிடையாது. கூட வருகிற பிள்ளையால் செலவுதான் கூடும், வருமானம் கூடாது. நெல்லை வண்ணார்பேட்டையில் வெளிநாட்டுப் படிப்புக்கு வழிகாட்டும் ஒரு கன்சல்டன்சிக்குப் போனபோது, படிவத்தில் 'துணைவர்' கட்டத்தைக் காலியாக விட்டதைப் பார்த்து அங்கிருந்த பெண், "சார் வரலையா மேடம்? அவரையும் ஒருநாள் கூட்டிட்டு வாங்களேன்" என்றார். அதற்கு மேல் அவரிடம் எங்களுக்குச் சொல்ல எதுவும் இருக்கவில்லை.

என் சித்தி மகளுக்காகத்தான் இதையெல்லாம் உட்கார்ந்து பார்த்தேன். 28 வயது, பி.டெக். ஐ.டி., நாலு வயதுப் பையன், விவாகரத்து முடிந்து பாளையங்கோட்டையில் அம்மா வீட்டில் இருக்கிறாள். இந்தப் பக்கத்து வீடுகளில் இப்படிப் பேச்சு எடுத்தால் கடைசியில் இரண்டில் வந்து நிற்கும். ஒரு வருஷப் படிப்பு, பிள்ளை ஆச்சியிடம் என்றால் இங்கிலாந்து. இரண்டு வருஷப் படிப்பு, பிள்ளை கையோடு என்றால் ஜெர்மனி. கையில் பணம் இருந்தால் கனடாவும் ஆஸ்திரேலியாவும் பேச்சில் வரும்.

இங்கிலாந்து

2024 ஜனவரி 1 முதல், அங்கே சாதாரண முதுநிலைப் படிப்புக்குப் போகிறவர்கள் பிள்ளையைக் கூட்டிப்போக முடியாது. பிஎச்.டி., ஆராய்ச்சி அடிப்படையிலான முதுநிலை, அரசு உதவித்தொகையில் போகிறவர்கள் ஆகியோருக்கு மட்டும் விலக்கு. எம்.எஸ்ஸி., எம்.பி.ஏ. என்று போகிற நம் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் அந்த விலக்கில் வரமாட்டார்கள்.

"ஒரு வருஷந்தானே, பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன், நீ போயிட்டு வாளா" என்றாள் சித்தி. பிள்ளை பராமரிப்பு என்று மட்டும் பார்த்தால் இதை மிஞ்ச ஒன்றுமில்லை. காய்ச்சல் வந்தால் வகுப்பை விட்டு ஓட வேண்டியதில்லை, பையனுக்குப் பள்ளி மாறாது, சாப்பாடு மாறாது. ஆனால் அந்த 'ஒரு வருஷம்' என்கிற கணக்கில்தான் எனக்குச் சந்தேகம்.

படிப்பு முடிந்ததும், அங்கேயே தங்கி வேலை தேடவும் பார்க்கவும் விடுகிற கிராஜுவேட் விசா கிடைக்கும். இப்போது இரண்டு வருஷம். 2027 ஜனவரி 1 முதல் விண்ணப்பிக்கிறவர்களுக்குப் பதினெட்டு மாதம். படிக்கும்போதே டிபெண்டன்டாக அங்கே இல்லாத பிள்ளையை இந்த விசாவிலும் அழைத்துக்கொள்ள முடியாது. ஒரு நிறுவனம் வேலை தந்து எடுத்துத்தரும் ஸ்கில்டு வொர்க்கர் விசாவுக்கு மாறிய பிறகுதான் கதவு திறக்கும். அதற்குப் பொதுச் சம்பள வரம்பு ஆண்டுக்கு 41,700 பவுண்டு, படிப்பு முடித்துப் புதிதாக நுழைகிறவர்களுக்கு 33,400. அந்த வேலை உடனே அமைந்தால் ஒன்றரை வருஷம், இழுத்தால் மூன்று. நாலு வயதில் விட்டுப்போன பையன் இரண்டாம் வகுப்பு முடித்திருப்பான்.

இன்னொரு சிக்கலை இங்கே யாரும் சொல்வதில்லை. பெற்றோரில் ஒருவர் மட்டும் அங்கே இருந்து பிள்ளையை அழைக்கும்போது, பிள்ளையின் முழுப் பொறுப்பும் தன்னுடையது என்று காட்ட வேண்டும். இரண்டு வருஷமாக ஆச்சி பள்ளியில் கையெழுத்துப் போட்டு, ஆச்சி டாக்டரிடம் காட்டி, அப்பா மாதாமாதம் வந்து பார்த்திருந்தால், முடிவெடுத்தது யார் என்று கேட்பார்கள். அதனால் பள்ளிக் கட்டணம் அம்மாவின் கணக்கிலிருந்தே போகட்டும், பள்ளிக்கான மெயில்கள் அம்மா பெயரிலேயே இருக்கட்டும், தடுப்பூசி விஷயத்தில்கூட ஆஸ்பத்திரியோடு அம்மாவே பேசட்டும். எல்லாவற்றுக்கும் தாள் வைத்திருக்க வேண்டும். பாசத்தோடு வளர்த்த ஆச்சியே விசாவுக்கு இடைஞ்சலாகத் தெரிவது கொடுமைதான், ஆனால் விதி அப்படி.

போனில் பேசுவதையும் யோசிக்க வேண்டும். நேர வித்தியாசம் கோடையில் நாலரை மணி, குளிர்காலத்தில் ஐந்தரை. பையன் நாலு மணிக்குப் பள்ளி விட்டு வரும்போது அங்கே காலை வகுப்பு நேரம். ராத்திரி ஒன்பதுக்கு அவன் தூங்கப் போகும்போது அங்கே மூன்றரை அல்லது நாலரை. நாள் தவறாமல் அந்த நேரத்தை ஒதுக்க முடியுமா என்று வகுப்பு அட்டவணையை வைத்துத்தான் சொல்ல முடியும்.

கட்டணம் பெரும்பாலும் 15,000 முதல் 30,000 பவுண்டு, அதாவது 17 லட்சத்துக்குக் குறையாது. கூடவே இருப்புச் செலவும், ஆண்டுக்கு 776 பவுண்டு மருத்துவக் கூடுதல் கட்டணமும் உண்டு. என் பார்வையில் இந்த வழி பொருந்துவது இங்கே வேலையைக் கையில் வைத்துக்கொண்டு, விடுப்பு எடுத்துப் போய், பட்டத்தோடு திரும்பி வரப்போகிறவர்களுக்கு. கல்லூரி ஆசிரியை ஒருவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு இல்லை. அங்கேயே தங்கிவிட வேண்டும் என்று போகிறவர்களுக்கு இது ஒரு வருஷப் பிரிவு என்று நான் சொல்லமாட்டேன்.

பிஎச்.டி. இடம் கிடைத்தால் கதையே வேறு. பிள்ளையோடு போகலாம், அரசுப் பள்ளியில் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். காமன்வெல்த் நாட்டு மாணவர்களுக்கு இங்கிலாந்து தரும் காமன்வெல்த் உதவித்தொகையையும் கண்டிப்பாகப் பாருங்கள். அதில் கணவரை இழந்தவர், விவாகரத்தானவர், தனிப் பெற்றோர் ஆகியோருக்குக் கூடவே இருக்கும் பிள்ளைக்கென்று தனிப் படி தருகிறார்கள். நம் நிலைமையைப் பெயர் சொல்லி எழுதியிருக்கும் திட்டங்கள் அபூர்வம்.

ஜெர்மனி

இங்கே முதல் வித்தியாசம் பணம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கற்பிப்புக் கட்டணம் இல்லை. பாடன்-வுர்ட்டம்பர்க் மாநிலத்தில் வெளிநாட்டவருக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து வாங்குகிறது. மற்ற இடங்களில் பருவக் கட்டணம் என்று சில நூறு யூரோ. கட்டணம் இல்லையென்பதால் பணமே வேண்டாம் என்று நினைத்துவிடக் கூடாது. மாதாமாதம் கொஞ்சமாக மட்டுமே எடுக்க முடிகிற முடக்கக் கணக்கில் (பிளாக்டு அக்கவுண்ட்) ஒரு வருஷச் செலவாக 11,904 யூரோ, சுமார் 12 லட்சம், போட்டுக் காட்ட வேண்டும். அது தாய்க்கு மட்டும். பிள்ளைக்கும் சேர்த்து, மேலே கொஞ்சம் காட்டச் சொல்வார்கள்.

பிள்ளையைக் கூட்டிப்போக வாடகை வீடும் போதிய அளவில் இருக்க வேண்டும் என்பது சட்டம். மாணவர் விடுதியின் ஒற்றை அறையைக் காட்டினால் நடக்காது. மாணவர் நல அமைப்புகள் பல ஊர்களில் குடும்பக் குடியிருப்பும் குழந்தைகள் காப்பகமும் நடத்துகின்றன. காத்திருப்போர் பட்டியல் நீளம் என்பதால் அனுமதிக் கடிதம் வந்த அன்றே எழுதிப் போட வேண்டும்.

ஒரு வயது முடிந்த எந்தப் பிள்ளைக்கும் காப்பகத்தில் இடம் பெறும் சட்ட உரிமை அங்கே 2013 ஆகஸ்டிலிருந்து இருக்கிறது. உரிமை இருப்பதும் இடம் இருப்பதும் ஒன்றல்ல. மேற்குப் பக்கத்துப் பெரிய நகரங்களில் மாதக்கணக்கில் அலைய வேண்டிவரும். கிழக்கு மாநிலங்களில் காப்பக வசதி பழைய காலத்திலிருந்தே அதிகம், வாடகையும் குறைவு. பெர்லினில் காப்பகக் கட்டணமே இல்லை, ஆனால் வீடு கிடைப்பது குதிரைக்கொம்பு. எனக்குப் பிடித்தது மாக்டபுர்க், கெம்னிட்ஸ் மாதிரியான நடுத்தர ஊர்கள். இந்திய மாணவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பல்கலைக்கழகம் தரவரிசையில் கொஞ்சம் பின்னால் இருந்தாலும் பரவாயில்லை. சித்தி மகள் மியூனிக் என்றுதான் ஆரம்பித்தாள், ஆகன் என்று இறங்கினாள், இப்போது கெம்னிட்ஸுக்கு வந்திருக்கிறாள்.

காப்பகத்தில் பிள்ளையை முதல் நாளே விட்டுவிட்டு வர முடியாது. பழக்கும் காலம் என்று இரண்டிலிருந்து நான்கு வாரம் வைத்திருக்கிறார்கள். முதல் சில நாள் அம்மாவும் கூடவே உட்கார வேண்டும்; அப்புறம் பத்து நிமிஷம் வெளியே போய் வரலாம், அரை மணி, ஒரு மணி என்று கூட்டிக்கொண்டே போவார்கள். மொழி தெரியாத நம் பையன் மாதிரிப் பிள்ளைக்கு அது நீளவும் செய்யும். பல்கலைக்கழக வகுப்புகள் அக்டோபர் நடுவில் தொடங்கிவிடும். ஆகவே செப்டம்பர் தொடக்கத்திலாவது போய் இறங்க வேண்டும், அல்லது முதல் பருவத்தில் பாடங்களைக் குறைத்து எடுக்க வேண்டும். அங்கே பாடங்களை அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடுவது சகஜம். ஒற்றை ஆளாகப் படிக்கிறவருக்கு இந்தத் தாராளம் பெரிய உபகாரம். இங்கிலாந்தின் ஒரு வருஷப் படிப்பில் இதற்கு இடமே இல்லை.

பள்ளி வயதுப் பிள்ளை என்றால் ஒரு நல்ல செய்தி. தொடக்கப் பள்ளி மதியமே விட்டுவிடும் என்பது பழைய தலைவலி. 2026 ஆகஸ்டிலிருந்து முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு நாளுக்கு எட்டு மணி நேரப் பராமரிப்பு சட்ட உரிமையாகிறது. ஆண்டுக்கு ஒரு வகுப்பாக நான்காம் வகுப்பு வரை விரியும்.

அப்புறம் வயது. முப்பதுக்குள் போய்ச் சேர்ந்தால் அரசு மருத்துவக் காப்பீட்டில் மாணவர் பிரீமியம்தான், பிள்ளைக்குத் தனியாகக் கட்ட வேண்டாம். முப்பது தாண்டிப் புதிதாகப் போனால் அந்தச் சலுகை கிடையாது. பெரும்பாலும் தனியார் காப்பீடு, அதில் பிள்ளைக்கும் தனியே கட்ட வேண்டும். 28 வயதில் போவதற்கும் 31 வயதில் போவதற்கும் இவ்வளவு வித்தியாசம் இருப்பதை எந்தக் கன்சல்டன்சியும் எங்களிடம் சொல்லவில்லை.

வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம், முடித்த பின் வேலை தேடப் பதினெட்டு மாதம் உண்டு. ஆனால் தனியாகப் பிள்ளை வைத்திருப்பவர் அந்த 140 நாளையும் வேலை பார்த்துவிடுவார் என்று கணக்குப் போடாதீர்கள். நான் பாதிதான் போட்டேன்.

மொழியை விட்டுவிட்டுப் பேச முடியாது. ஆங்கிலத்திலேயே எம்.எஸ்ஸி. படிக்கலாம், சரி. காப்பக டீச்சர், குழந்தை மருத்துவர், வீட்டுக்காரர் எல்லாரும் ஜெர்மனில்தான் பேசுவார்கள். பிள்ளையோடு போகிறவருக்கு ஜெர்மன் பி1 நிலை (ஏ1, ஏ2 முடித்து அடுத்தது) வரையாவது வேண்டும் என்பது என் எண்ணம். நெல்லைக்காரர்களுக்குச் சென்னையைவிட திருவனந்தபுரத்தில் உள்ள, ஜெர்மன் கற்பித்துத் தேர்வு நடத்தும் கோத்தே மையம் பக்கம். நாகர்கோவில் வழியாக ரயிலில் போய்ப் பரீட்சை எழுதலாம். 2022 நவம்பரிலிருந்து கட்டாயமாகிவிட்ட, நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழுக்கும் முன்னாலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

கனடா, ஆஸ்திரேலியா

கனடாவில் 2025 செப்டம்பரிலிருந்து தாயும் பிள்ளையும் என்றால் கட்டணம் போக 28,502 கனடா டாலர் காட்ட வேண்டும். படிப்பு முடிந்தபின் மூன்று வருஷம் வரை வேலை அனுமதி, பல மாகாணங்களில் பிள்ளைக்கு அரசுப் பள்ளி. பதினெட்டு மாதம் அங்கே வசித்த பிறகு, அனுமதி செல்லுபடியாக இருந்தால், அரசின் குழந்தை உதவித்தொகைக்கும் விண்ணப்பிக்கலாம். பணம் புரட்ட முடிகிறவர்களுக்கு, அதுவும் பள்ளி வயதுப் பிள்ளை என்றால், ஜெர்மனியைவிட இது எளிது. மொழிப் பிரச்சினை இல்லை. ஆனால் நேரம் தலைகீழ், ஊருக்கு வந்துபோகும் டிக்கெட் விலையும் அதிகம்.

ஆஸ்திரேலியாவை நான் சீக்கிரமே ஒதுக்கிவிட்டேன். தாய்க்கு 29,710, பிள்ளைக்கு 4,449, பள்ளிக்குப் போகிற பிள்ளை என்றால் மேலும் 13,502 ஆஸ்திரேலிய டாலர் காட்ட வேண்டும். கூட்டினால் 27 லட்சத்துக்கு மேல், படிப்புக் கட்டணம் தனி. மாணவர் விசாவில் இருப்பவருக்குக் குழந்தைப் பராமரிப்பு மானியம் பொதுவாகக் கிடையாது. படித்து முடித்தபின் தரும் விசாவுக்குப் பெரும்பாலானவர்களுக்கு வயது வரம்பு 35. கல்யாணம், பிள்ளை, கோர்ட் என்று எல்லாம் கடந்து முப்பத்திரண்டில் கிளம்புகிறவருக்கு அது கழுத்தைப் பிடிக்கும்.

எந்த நாடானாலும் அப்பாவின் கையெழுத்து

இதில் சறுக்கினால் மேலே சொன்ன கணக்கெல்லாம் வீண். கணவர் இறந்திருந்தால் இறப்புச் சான்றிதழே போதிய பதில். விவாகரத்து என்றால் தீர்ப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். பரஸ்பர சம்மத மனுக்களில் 'பிள்ளை தாயிடம், தந்தை பார்க்கலாம்' என்ற அளவில் முடித்துவிடுகிறார்கள். படிப்புக்காக வெளிநாடு கூட்டிச்செல்லவும் பாஸ்போர்ட் எடுக்கவும் தாய்க்கு உரிமை உண்டு என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் அப்போதே கேளுங்கள். ஜெர்மனியில் இருவருக்கும் பொறுப்பு இருந்தால் மற்றவரின் சம்மதம் கேட்பார்கள். கனடாவும் சம்மதக் கடிதம் கேட்கும்.

கஷ்டம் யாருக்கென்றால், கோர்ட்டுக்கே போகாமல் பிரிந்தவர்களுக்கு. நம் பக்கத்தில் ஊர்ப் பெரியவர்களும் கோயில் சபையும் உட்கார்ந்து பேசி, நகையைத் திருப்பிக் கொடுத்து முடித்துவைத்தவை நிறைய. பத்து வருஷம் தனித்தனியாக இருந்தாலும் தாளில் அவர்கள் கணவன் மனைவிதான். பிள்ளைக்குப் பாஸ்போர்ட் எடுக்க, இன்னொருவர் சம்மதம் இல்லாதபோது ஒற்றைப் பெற்றோர் தரும் உறுதிமொழியாக அனெக்சர் சி இருக்கிறது. திருநெல்வேலி பாஸ்போர்ட் சேவா மையத்திலேயே அந்த வேலை முடியும். ஆனால் பாஸ்போர்ட் கிடைத்துவிட்டது என்பதால் விசாவும் கிடைத்துவிடாது. இவர்கள் ஐஇஎல்டிஎஸ் வகுப்பில் சேருவதற்கு முன்னால் குடும்ப நீதிமன்றத்துக்குப் போவதுதான் முறை.

கடன் வாங்கப் போனாலும் பிள்ளை கணக்கில் வராது. வங்கி மாணவியின் செலவைத்தான் கணக்கில் எடுக்கும். பிள்ளையின் டிக்கெட்டும் காப்பகமும் கைக்காசு. ஆதிதிராவிடர், பழங்குடியினர் பிரிவில் வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால், அண்ணல் அம்பேத்கர் பெயரிலான தமிழக அரசின் வெளிநாட்டு உயர்கல்வித் திட்டம் ஆண்டுக்கு 36 லட்சம் வரை தருகிறது. அங்கேயும் வயது வரம்பு 35.

சித்தி மகள் ஏ2 முடித்துவிட்டாள். சம்மதக் கடிதத்துக்குப் பையனின் அப்பா வக்கீல் மூலம் சரி என்று சொல்லியிருக்கிறார், இன்னும் கையெழுத்தாகவில்லை. அது வந்த பிறகுதான் முடக்கக் கணக்கில் பணம் போடுவது என்று வைத்திருக்கிறோம்.