சுங்கை சிப்புட் பட்டறையில் செய்து வாங்கிய ரப்பர் மரத்து ஆபீஸ் மேசைகள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் சின்ன ஆபீஸ் நடத்துகிறவர்கள் மேசை வாங்க ஈப்போவுக்கு லோரி பிடிப்பதற்கு முன்னால், டவுனைத் தாண்டித் தோட்டத்துப் பாதையில் இருக்கும் ஒரு தச்சுப் பட்டறையைப் போய்ப் பார்த்துவிடுங்கள். அலங்காரக் கடை எல்லாம் இல்லை. தகரக் கூரை, ஒரு பக்கம் மரம் அறுக்கும் மெஷின், இன்னொரு பக்கம் இரும்பு ஒட்டும் இடம், அவ்வளவுதான். ஆனால் கழற்றிப் பூட்டுகிற மாதிரி, வரிசையாகக் கூட்டிக்கொண்டே போகிற மாதிரி அவர்கள் செய்துதரும் மேசைகள் அருமை.

எங்களுடையது கணக்கு எழுதும் ஆபீஸ், கடைவீட்டு மாடியில் இருக்கிறது. படிக்கட்டு ஓர் ஆள் ஏறினால் இன்னோர் ஆள் ஒதுங்க வேண்டிய அகலம். முழு மேசையாக எதையும் மேலே ஏற்ற முடியாது. முன்பு இருந்தவை எல்லாம் பெட்டியில் வருகிற சிப்போர்டு மேசைகள்தான். பார்க்க நன்றாகவே இருந்தன. ஒரு தடவை இடம் மாற்றுவதற்காகக் கழற்றினோம், திரும்பப் பூட்டியபோது ஸ்குரூ பிடிக்கவே இல்லை, ஓட்டையிலிருந்து தூள் தூளாகக் கொட்டியது. ஏர்கோன் தண்ணீர் சொட்டிய இடத்தில் ஓரம் உப்பி மேல்தோல் பிய்ந்துவிட்டது. மரத்தூளைப் பசை போட்டு அழுத்திய பலகையில் ஈரம் இறங்கினால் அப்படித்தான் ஆகும், திரும்பப் பழைய நிலைக்கு வராது.

இந்தப் பட்டறை மேசையின் நீளம் 4 அடி, அகலம் 2 அடி. மேல்பலகை 25 மில்லிமீட்டர் கனமுள்ள ரப்பர் மரம், கால்கள் சதுர இரும்புக் குழாய், பவுடர் கோட்டிங் அடித்தவை. பலகைக்கு அடியில் முன்னும் பின்னும் நீளவாக்கில் இரும்புச் சட்டம் ஓடுகிறது. மேசை நடுவில் தொங்கிப் போகாமல் இருப்பதற்கு முக்கியமான காரணம் அந்தச் சட்டம்தான். பலகையின் விறைப்பு கனத்தின் மும்மடியாக (கனம் × கனம் × கனம்) ஏறும், ஒரே மரத்தில் 18 மில்லிமீட்டரிலிருந்து 25க்குப் போனாலே இரண்டரை மடங்குக்கு மேல் விறைப்பு கூடும். அதே பாரத்துக்கு நீளம் இரண்டு மடங்கானால் தொய்வு எட்டு மடங்காகும். அதனால் 6 அடி, 8 அடி மேசை கேட்கிறவர்களிடம்கூட 4 அடி மேசைகளை வரிசையாகப் போட்டுக்கொள்ளத்தான் பட்டறைத் தம்பி சொல்கிறார். சரியான ஆலோசனை.

குனிந்து மேசைக்கு அடியில் பார்த்தேன். சட்டத்தில் போல்ட் போகும் ஓட்டைகள் வட்டமாக இல்லை, பலகையின் அகலவாக்கில் நீள்வட்டமாக வெட்டியிருந்தார்கள். ஏன் என்று பட்டறைத் தம்பியிடம் கேட்டேன்.

“மழைக்காலத்துல பலகை அகலம் கூடும்க்கா, ஏர்கோன்லயே கிடந்தா சுருங்கும். இறுக்கிப் பிடிச்சா வெடிச்சிரும். நகர இடம் விட்டாப் போதும்” என்றார்.

இதைக் கேட்டதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது. மரம் பெரும்பாலும் அகலவாக்கில்தான் விரிந்து சுருங்கும், நீளவாக்கில் மிகக் குறைவு. அதைத் தெரிந்துகொண்டு, வாங்குகிறவர் கண்ணில் படாத இடத்தில் இவ்வளவு அக்கறையாக வேலை செய்கிறார்கள்.

போல்ட் நேராக மரத்தைக் கடிப்பதும் இல்லை. பலகைக்குள் உலோக இன்சர்ட் நட் ஒன்றைப் பதித்து, அதற்குள்தான் போல்ட்டை முறுக்குகிறார்கள். எத்தனை தடவை கழற்றினாலும் தேய்வது இரும்பு மரைதான், மரம் இல்லை. படிக்கட்டில் துண்டு துண்டாகக் கொண்டுவந்து, பட்டறையிலிருந்து வந்த பையனோடு எங்கள் ஆபீஸ் பிள்ளைகளே ஓர் அலன் சாவியை வைத்துப் பூட்டினார்கள். பூட்டி முடித்ததும் அந்தத் தம்பி மேசையின் மூலையில் ஏறி உட்கார்ந்து ஆட்டிக் காட்டினார், அசையவில்லை. அப்புறம் பிரிண்டர், கோப்புகள் என்று எல்லாப் பாரமும் அதன்மேல் ஏறிவிட்டது, இன்றைக்கும் அசையவில்லை.

மரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பால்மரம் என்கிற இந்த ரப்பர் மரம் நமக்குப் புதிதா? 1877இல் நட்ட மரங்களில் ஒன்று பக்கத்துக் கோலகங்சாரில் இன்னும் நிற்கிறது. 25, 30 வருஷத்தில் பால் குறைந்ததும் மரத்தை வெட்டி மறுநடவு செய்வார்கள். முன்பெல்லாம் வெட்டிய மரம் விறகுக்குத்தான் போனது. மாவுச்சத்து அதிகம் என்பதால் வெட்டிய உடனே பூஞ்சணமும் வண்டும் பிடித்துவிடும். இப்போது சுடச்சுட அறுத்து, போரான் மருந்தை அழுத்தி ஏற்றி, சூளையில் உலர்த்துகிறார்கள். அந்த வழி பழகிய பிறகுதான் மூவார் மாதிரி ஊர்களில் நாற்காலி, மேசை எல்லாம் இந்த மரத்தில் செய்து வெளிநாட்டுக்கு அனுப்புகிறார்கள். தோட்டத்தில் பால்மரம் சீவிய குடும்பங்களின் பிள்ளைகள் அதே மரத்தில் மேசை செய்து நம் ஆபீசுக்குக் கொடுப்பது எனக்குப் பெரிய சந்தோஷம். வெளிர் மஞ்சள் நிறம், கண்ணுக்கு இதமாக இருக்கிறது. ஆனால் வெயில் மழை படும் அஞ்சடியில், அதாவது கடை முன் நடைபாதையில், போட்டுவிடாதீர்கள், தாங்காது.

விலைக்கு வருகிறேன். முதல் மேசை 420 வெள்ளி (ரிங்கிட்). அதை ஒட்டிப் போடும் அடுத்த மேசை 310 வெள்ளிதான், ஏனென்றால் நடுவில் இருக்கும் கால் சட்டத்தை இரண்டு மேசையும் பகிர்ந்துகொள்ளும். மூன்று மேசை வரிசைக்கு ஆறு கால் சட்டம் வேண்டாம், நான்கே போதும். ஆள் கூடினால் ஒரு பலகை, ஒரு கால் சட்டம், இரண்டு நீளச் சட்டம் வாங்கிப் பூட்டிக்கொள்ளலாம், ஆபீசைக் காலி செய்தால் கழற்றி எடுத்துப் போகலாம். சிப்போர்டு மேசையைவிட நூறு நூற்றைம்பது வெள்ளி கூடத்தான், ஆனாலும் ஒரு பலகை கெட்டால் அதை மட்டும் மாற்றலாம் என்பதைக் கணக்கில் சேர்த்தால் இதுதான் மலிவு.

குறைகளும் உண்டு. இழுப்பறையின் தண்டவாளம் மலிவானது, கோப்பு நிறைய வைத்தால் பாதியில் சிக்குகிறது. தனியாகப் பணம் கட்டி நல்லதைப் போடச் சொல்லுங்கள், அல்லது இழுப்பறை இல்லாமல் வாங்குங்கள். சொன்ன தேதிக்கு மேசை வரவில்லை. தீபாவளி நெருங்கும் நேரம், பட்டறையில் ஆள் குறைவு என்றார்கள், அதைத் தொலைபேசியில் முன்கூட்டியே சொல்லியிருக்கலாம், நாங்களாகக் கூப்பிட்ட பிறகுதான் தெரிந்தது. மேசையும் கனம், தனி ஆளாக நகர்த்த நினைக்க வேண்டாம்.

ஆர்டர் கொடுக்கப் போகும்போது சுவரின் நீளத்தோடு மின்சார பிளக் எந்தப் பக்கம், தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையும் அளந்து எழுதிக்கொண்டு போங்கள். ஒயர் இறங்கும் ஓட்டையை நாம் சொல்லும் இடத்திலேயே போட்டுக்கொடுக்கிறார்கள், அதற்குத் தனிக் காசு கிடையாது. ஓட்டையை மட்டும் கொஞ்சம் பெரிதாகக் கேளுங்கள், வழக்கமாகப் போடும் அளவில் பிளக்கின் தலை நுழையாது.