பொம்மையா, திரையா, மெய்நிகர் கண்ணாடியா: மயக்கவியல் பயிற்சிக்கு எது?

மயக்க மருந்தின் விளைவாக உடல் வெப்பம் ஆபத்தான அளவுக்கு ஏறும் மேலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா என்ற நெருக்கடியைப் பணிக்காலம் முழுவதும் ஒருமுறைகூடப் பார்க்காத மயக்கவியல் மருத்துவர்கள் உண்டு. ஆனால் அது வந்துவிட்டால், உடல் எடையில் கிலோவுக்கு 2.5 மில்லிகிராம் என்ற அளவில் அதற்கான மருந்தான டான்ட்ரோலீனைத் தாமதமின்றிக் கரைத்துச் செலுத்தியாக வேண்டும். இதை நோயாளியின் உடலில் பழகிப் பார்க்க முடியாது. சிமுலேஷன், அதாவது பாவனைப் பயிற்சி, தேவைப்படுவது இதற்காகத்தான்.

இதற்கான கருவிகளில் மூத்தது முழு உடல் பொம்மை. 1960களின் பிற்பகுதியில் தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் உருவான ‘சிம் ஒன்’ மூச்சு விட்டது. செலுத்திய மருந்துக்கு ஏற்ப எதிர்வினை காட்டியது. 1990 வாக்கில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மயக்கவியல் மருத்துவர் டேவிட் காபா, விமானக் குழுவினரின் நெருக்கடிப் பயிற்சி முறையை மயக்கவியலுக்குக் கொண்டுவந்தார். பொம்மைப் பயிற்சியின் உண்மையான பலம் அங்கேதான் இருக்கிறது. யார் தலைமை ஏற்றார், உதவிக்கு எப்போது அழைத்தார், சொன்ன மருந்தளவைச் செவிலியர் திருப்பிச் சொன்னாரா என்பதையெல்லாம் குழுவாக நின்றால்தான் பழக முடியும். செலவும் ஆள்தேவையும் அதிகம். பயிற்சி முடிந்ததும் நடந்ததைப் பொறுமையாக அலசிப் பேச வைக்கும் ஆசிரியர் இல்லையென்றால், அந்தச் செலவு வீண் என்றே சொல்வேன்.

கணினித் திரைப் பயிற்சி மருந்தியலுக்கு நல்லது. முதியவருக்கு புரோபோஃபால் என்ற மயக்க மருந்தை வேகமாகக் கொடுத்தால் ரத்த அழுத்தம் எப்படிச் சரிகிறது என்பதைத் தனியாக அமர்ந்து பலமுறை பார்க்கலாம். கைக்கு மட்டும் பயிற்சி கிடைக்காது.

தலையில் அணிந்து கணினி உருவாக்கிய காட்சிக்குள் நுழையும் மெய்நிகர் கண்ணாடி மீது இப்போது ஆர்வம் பெருகியிருக்கிறது. அறுவை அரங்கின் சூழலை அது நன்றாகவே கண்முன் காட்டுகிறது. ஆனால் தொண்டைக்குள் பார்க்க உதவும் லாரிங்கோஸ்கோப்பைத் தூக்கும்போது கை உணரும் எடையையும், தசையின் எதிர்ப்பையும் அதனால் இன்னும் சரியாகத் தர முடியவில்லை. நோயாளிக்குத் தொண்டை வழியாகச் சுவாசக் குழாயும் பொருத்த முடியாமல், ஆக்சிஜனும் செலுத்த முடியாமல் போகும் நேரத்தில் கழுத்தில் கத்தியால் வழி திறந்து, பூஜி என்ற வளையும் மெல்லிய கம்பியை நுழைத்து, அதன்மேல் குழாயை இறக்க வேண்டும். இதைப் பழக எளிய கழுத்து மாதிரியே போதும். பலமுறை செய்து பார்ப்பதுதான் முக்கியம். ஒன்றுக்கு மட்டுமே பணம் இருக்கிறது என்றால், நான் கண்ணாடியை விட்டுவிட்டு அந்த மாதிரியைத்தான் வாங்கச் சொல்வேன்.

அடுத்தது, நெருக்கடி நேரத்தில் எதைப் பார்ப்பது: கைபேசிச் செயலியா, அச்சிட்ட கையேடா? 2013இல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ வெளியிட்ட ஆய்வில் 17 குழுக்கள் 106 பாவனை நெருக்கடிகளைச் சந்தித்தன. சரிபார்ப்புப் பட்டியல் கையில் இருந்தபோது 6 சதவீத முக்கியப் படிகள் தவறின. இல்லாதபோது 23 சதவீதம். பட்டியல் வேண்டும் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. குழந்தையின் எடைக்கு மருந்தளவு கணக்கிடச் செயலிதான் சிறந்தது. ஆனால் கைபேசியின் பூட்டைத் திறக்க வேண்டும், கையுறை தடுக்கும், திரையை ஒருவர்தான் பார்க்க முடியும். எனவே கையேடு மயக்க இயந்திரத்திலேயே தொங்கட்டும். மருந்து கொடுப்பவரே அதைப் படிக்கக் கூடாது. உரக்கப் படிப்பதற்கென்று ஒருவரை நிறுத்தி, அதையும் பயிற்சியிலேயே பழக்கிவிட வேண்டும்.