வாடகைதாரர் காப்பீடு: கிளைம் செய்து பார்த்தவரின் மதிப்பீடு

உரிமையாளர் கட்டடத்தைக் காப்பீடு செய்திருக்கிறார், ஆகவே நமக்குத் தனியாக எதுவும் தேவையில்லை என்று அடுக்குமாடிக் குடியிருப்பில் வாடகைக்கு இருக்கும் பலர் நினைக்கிறார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆனால் உரிமையாளரின் பாலிசி சுவருக்கும் கூரைக்கும் தரைக்குமே பொருந்தும். நம்முடைய கட்டிலோ துணிமணியோ மடிக்கணினியோ அதில் அடங்காது. வாடகைதாரர் காப்பீட்டை எடுத்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு முறை கிளைமும் செய்திருக்கிறேன்.

ஓர் இரவு, நாங்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது துணி துவைக்கும் இயந்திரத்துக்குத் தண்ணீர் வரும் குழாய் கழன்றுவிட்டது. கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டிய பிறகே எழுந்தோம். அதற்குள் கூடத்தில் கணுக்கால் நனையுமளவு தண்ணீர் நின்றது. அலமாரியின் அடிப்பலகை ஊறி உப்பி, கதவைத் திறக்க முடியாதபடி இறுகிவிட்டது. அதைவிடப் பெரிய சேதம் கீழ்வீட்டில்தான். அவர்களுடைய கூரைப்பூச்சு பெயர்ந்து விழுந்து, சோபாவும் புத்தக அடுக்கும் பாழாகியிருந்தன.

பாலிசி எடுக்கும்போது என் பொருள்களை மட்டுமே மனத்தில் வைத்திருந்தேன். ஆனால் என்னைக் காப்பாற்றியது, நான் அதிகம் கவனிக்காமல் கையெழுத்திட்டிருந்த பொறுப்புக் காப்பீடு என்னும் பகுதிதான். நம் கவனக்குறைவால் பிறருக்கு நேரும் சேதத்துக்கு, பாலிசியில் குறித்துள்ள உச்சவரம்பு வரை காப்பீட்டு நிறுவனமே ஈடு கொடுக்கிறது. வழக்கு வந்தால் அதன் செலவையும் ஏற்கும் பாலிசிகள் உண்டு. கீழ்வீட்டாரின் இழப்பை என் சேமிப்பிலிருந்து கொடுக்க நேர்ந்திருந்தால் அது பெரும்பாலும் கரைந்தே போயிருக்கும். அடுத்தவர் கூரைமேல் குடியிருக்கும் எவருக்கும், இந்தப் பாலிசி எடுக்க இந்த ஒரு காரணமே போதும் என்பது என் கருத்து.

தரை காயும்வரை பதினொரு நாள் வேறிடத்தில் தங்கினோம். வீடு குடியிருக்க இயலாததாகும்போது தங்கும் செலவை பாலிசி ஏற்கிறது. எனினும் உணவுக்கு முழுத்தொகையும் கிடைக்காது. வழக்கமாகச் செலவிடுவதைக் காட்டிலும் கூடுதலாக ஆன தொகை மட்டுமே கிடைக்கும்.

எனக்கு மனக்குறை ஏற்பட்டது என் சொந்தப் பொருள்களுக்கான ஈட்டில்தான். மதிப்பீட்டாளர் ஒவ்வொன்றையும் வாங்கிய ஆண்டைக் கேட்டு, தேய்மானத்தைக் கழித்தே கணக்கிட்டார். ஏழு ஆண்டுப் பழைய அலமாரிக்குக் கிடைத்த தொகையில் அதன் ஒரு கதவைக்கூட வாங்கியிருக்க முடியாது. பழையதற்குப் பதில் புதியது வாங்கும் விலையைத் தரும் பாலிசியும் உண்டு; அதற்குப் பிரீமியம் சற்றுக் கூடுதல். அந்த வேறுபாட்டை முகவர் எனக்கு எடுத்துச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கழன்ற குழாயை மாற்றும் செலவும் கிடைக்கவில்லை; பழுதால் விளைந்த சேதத்துக்குத்தான் ஈடு, பழுதுக்கு அல்ல.

வாங்குமுன் விலக்குகள் பகுதியை நிதானமாகப் படியுங்கள். குழாய் திடீரென வெடித்தால் ஈடு உண்டு, மாதக்கணக்கில் கசிந்து சுவர் பூத்துப்போனால் பெரும்பாலும் இல்லை. வெளியிலிருந்து புகும் வெள்ளமும் நிலநடுக்கமும் பல பாலிசிகளில் தனியாகச் சேர்க்கப்பட வேண்டியவை. கரையானும் எலியும் செய்யும் சேதம் பொதுவாக அடங்குவதில்லை. நகைக்கும் ரொக்கத்துக்கும் தனி உச்சவரம்பு இருக்கும். உடன் தங்கியிருக்கும் நண்பரின் பெயர் பாலிசியில் இல்லையென்றால் அவருடைய பொருள்களுக்கு எதுவும் கிடைக்காமல் போகலாம். பிரீமியத்தைக் குறைக்கப் பொருள்களின் மதிப்பைக் குறைத்துக் காட்டுவதும் ஆபத்தானது: உண்மை மதிப்பில் பாதிக்கு மட்டும் காப்பீடு செய்தவருக்கு, சேதத்திலும் பாதியை மட்டுமே தரும் விதி சில பாலிசிகளில் உள்ளது.

கிளைமின்போது என்னிடம் பாதிப் பொருள்களுக்கு ரசீது இல்லை. பழைய பிறந்தநாள் படங்களின் பின்னணியில் தெரிந்தவற்றைக் காட்டித்தான் சிலவற்றை நிரூபித்தேன். இந்த ஆண்டு புதுப்பிக்கும்போது புதிய விலை தரும் பாலிசிக்கு மாறி, பொறுப்புக் காப்பீட்டின் வரம்பையும் உயர்த்திக்கொண்டேன். அன்று மாலையே ஒவ்வோர் அறையாகச் சென்று, அலமாரிகளைத் திறந்து, உள்ளிருப்பவற்றைக் காணொளியாகப் பதிந்து, வீட்டுக்கு வெளியே வேறோரிடத்தில் ஒரு பிரதி வைத்திருக்கிறேன்.