மூடிய சுவர்க் காற்றுச் சுரங்கத்தில் இரண்டு நாள்: ஒரு மதிப்பீடு

நாங்கள் வடிவமைத்துவரும் 11 மீட்டர் நீளப் பேருந்தின் 1:10 மாதிரியைச் சோதிக்க, ஒரு காற்றுச் சுரங்கத்தை (அசையாமல் நிற்கும் மாதிரியின் மேல் காற்றை ஓடவிட்டு விசையை அளக்கும் கூடம்) இரண்டு நாள் வாடகைக்கு எடுத்திருந்தோம். விசை அளக்கும் தராசு துல்லியமானது. மாதிரியை ஏற்றி இறக்கிய ஊழியர்கள் கைதேர்ந்தவர்கள். காலையில் கிடைத்த அளவீடு மாலையிலும் மாறாமல் வந்தது. ஆனாலும் அவர்கள் தரும் அறிக்கையை அப்படியே நம்பி வடிவத்தை முடிவுசெய்யக் கூடாது.

சோதனைப் பகுதி 1.2 மீட்டர் அகலமும் 0.9 மீட்டர் உயரமும் உடையது. நாற்புறமும் மூடிய சுவர். எங்கள் மாதிரியின் முகப்போ 25 செ.மீ. அகலம், 32 செ.மீ. உயரம். ஆகவே காற்றின் வழியில் 7.4 விழுக்காட்டை மாதிரியே அடைத்துக்கொள்கிறது. 5 விழுக்காட்டுக்குள் வைத்துக்கொள்வதே வழக்கம். சாலையில் பேருந்தின் மேல் மோதும் காற்று தாராளமாக விலகிப் போகும். இங்கே சுவர் மறிப்பதால், மாதிரிக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்தில் நெருக்குண்டு வேகமெடுக்கிறது. வேகம் கூடினால் அழுத்தம் குறையும்; தட்டையான பின்புறத்தில் அந்தக் குறைவு மாதிரியைப் பின்னோக்கி இழுப்பதால், இழுவைக் குணகம் (காற்று ஒரு வடிவத்தை எவ்வளவு தடுக்கிறது என்பதைக் காட்டும் எண்) உள்ளதைவிடக் கூடுதலாகத் தெரிகிறது. சோதனைப் பகுதியில் சுவரில்லாத திறந்த தாரைச் சுரங்கத்தில், தாரை, அதாவது பாய்ந்து வரும் காற்று, விரிந்துவிடுவதால், பிழை பெரும்பாலும் இதற்கு நேர்மாறாக வரும்.

அறிக்கையில் இழுவைக் குணகமாக இருந்த 0.62, சுவரின் பாதிப்பு திருத்தப்படாத எண். "வடிவங்களை ஒப்பிடத்தானே போகிறீர்கள், பிழை எல்லாவற்றிலும் ஒன்றாகத்தானே இருக்கும்" என்றார் பொறுப்பாளர். நேர்க்காற்றில், ஒரே அளவுள்ள வடிவங்களுக்கு அது ஓரளவு பொருந்தும். பக்கக்காற்றுக்காக மாதிரியை 10 பாகை திருப்பியதும் பொருந்தவில்லை: 1.1 மீட்டர் நீள விலாவும் காற்றை மறிக்க, அடைப்பு ஏறத்தாழ 13 விழுக்காடானது. காற்று சீராக ஓடுகிறதா என்று காட்டச் சுவரில் ஒட்டியிருந்த, அதுவரை படிந்து கிடந்த நூலிழைகள், மாதிரியின் பின்மூலைக்கு எதிரே துடிக்கத் தொடங்கியதைக் கண்ணாடி வழியே பார்த்தேன்.

திரும்பி வந்து நானே கணக்கிட்டேன். குறுகிய வழியில் காற்று எவ்வளவு வேகமெடுக்கும் என்ற எளிய கணக்கின்படி, 0.62-ஐ 0.926-இன் (7.4 விழுக்காடு அடைப்பு போக மீந்த வழி) வர்க்கத்தால் பெருக்கினால் 0.53. துணைக்குக் கொண்டுபோயிருந்த 1:15 மாதிரியின் அடைப்பு 3.3 விழுக்காடு, அதில் அளந்த 0.56, திருத்தியபின் 0.52. முன்பு 0.06 விலகி நின்ற எண்கள் இப்போது 0.01 இடைவெளிக்குள் வந்துவிட்டன. பேருந்து போன்ற மழுங்கிய உருவங்களுக்குப் பின்னோட்டத்தையும் (உருவத்துக்குப் பின்னே சுழன்று கலங்கும் காற்று) கணக்கில் கொள்ளும் மாஸ்கெல் என்ற திருத்த முறையே தகுந்தது. அதையும் செய்து பார்க்கவிருக்கிறேன்.

எனக்கு உண்மையில் வருத்தம் தந்தது வேறு. அந்தச் சுரங்கத்தின் கூரையில் அழுத்தம் அளக்கும் துளைகள் வரிசையாக இருக்கின்றன, குழாய்கள்கூடப் பொருத்தப்பட்டிருக்கின்றன, அளவுக் கருவியோடு மட்டும் எவரும் அவற்றை இணைக்கவில்லை. சுவரழுத்தம் பதிவாகியிருந்தால் சுவரின் குறுக்கீட்டை ஊகிக்காமல் அளந்தே திருத்தியிருக்கலாம். அங்கே முன்பதிவு செய்பவர்கள், அந்தப் பதிவையும் தர வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். 1:10-ஐவிடப் பெரிய பேருந்து மாதிரியைக் கொண்டுபோகாதீர்கள்.